என்எஃப்எஸ் திணறும்போது: வேண்டாத கெட்ஆட்டர் கேள்விகளைக் குறைக்கும் வழி

என்எஃப்எஸ் (சர்வரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்கள் பகிர்ந்துகொள்ளும் முறை) மெதுவாக இருக்கிறது என்று யாராவது வந்து நின்றால் நான் டிஸ்க்கைப் பார்க்கப் போவதில்லை. அந்த மெஷின் சர்வரிடம் என்னதான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். பல சமயம் அது டேட்டாவே கேட்டிருக்காது. "இந்த ஃபைல் மாறிவிட்டதா? இப்போது? இப்போதாவது?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்குப் பெயர் கெட்ஆட்டர். அதை எப்படி எண்ணுவது, யார் கேட்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்பதுதான் இந்தக் குறிப்பு.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் தை செங் பக்கம் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோவில். விளம்பரங்கள், தொடர்களுக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ். ரெண்டர் மெஷின்கள் எல்லாமே லினக்ஸ், எல்லாம் ஒரே ஸ்டோரேஜை மவுண்ட் செய்திருக்கின்றன, அதாவது தங்கள் சொந்த ஃபோல்டர் போல இணைத்து வைத்திருக்கின்றன. சீனப் புத்தாண்டு விளம்பரங்கள் குவியும் வாரங்களில் ஸ்டோரேஜ் என்ன பாடுபடும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லும் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்து வருபவை. ஆய்வுக்கூடமோ வங்கியோ, ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் பல மெஷின்கள் பகிர்ந்துகொள்ளும் எந்த இடத்துக்கும் இதே கதைதான்.

ஒரு விஷயம்: கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி ஏன் போகிறது

ஒரு ஃபைலின் அளவு, கடைசியாக மாறிய நேரம், உரிமையாளர், அனுமதிகள் எல்லாம் சர்வரில் இருக்கின்றன. கிளையண்ட், அதாவது மவுண்ட் செய்திருக்கும் மெஷின், அவற்றை ஒருமுறை வாங்கித் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரத்துக்கு? லினக்ஸில் நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஃபைலுக்குக் குறைந்தது 3 வினாடி, அதிகபட்சம் 60 வினாடி. ஃபோல்டருக்குக் குறைந்தது 30, அதிகபட்சம் 60. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "மாறவில்லை" என்று பதில் வந்தால் அடுத்த முறை கேட்பதற்கான இடைவெளி நீண்டுகொண்டே போய் அதிகபட்சத்தில் நிற்கும். மாறியிருந்தால் மறுபடி குறைந்தபட்சத்துக்கே திரும்பிவிடும். இந்த நான்கு எண்களுக்கும் மவுண்ட் ஆப்ஷனில் பெயர்கள் ஏசிரெக்மின், ஏசிரெக்மேக்ஸ், ஏசிடிர்மின், ஏசிடிர்மேக்ஸ். நான்கையும் ஒரே எண்ணாக வைக்க வேண்டுமானால் ஆக்டிமியோ.

இந்தக் கணக்கைத் தாண்டி இன்னொரு விதி இருக்கிறது. ஒரு ஃபைலைத் திறக்கும்போது, நினைவில் இருக்கும் விவரத்துக்கு இன்னும் ஆயுசு இருந்தாலும் கிளையண்ட் சர்வரிடம் ஒருமுறை சரிபார்க்கும். ஒருவர் எழுதி மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியதுதான் தெரிய வேண்டும் என்பதற்காக. என்எஃப்எஸ் நமக்குத் தரும் வாக்குறுதி ஏறத்தாழ இவ்வளவுதான், அதனால் இதில் கைவைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு கேள்விக்கு ஆகும் செலவு அற்பம்தான். ஒரே கட்டடத்துக்குள் போய்வர 0.2 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், 10,000 ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாலும் 2 வினாடி. ஆனால் எல்லா மெஷின்களும் சேர்ந்து கேட்கும்போது சர்வரின் வரிசை நீளும். அப்போது உண்மையாகவே டேட்டா கேட்டு வருபவனும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்பான். பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்துகொண்டு, கடிதம் வந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை லிஃப்டில் இறங்கி வாய்ட் டெக்கில் (பிளாக்கின் தரைத்தளத் திறந்தவெளியில்) இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. அவருக்கு நேரம் போகிறது, அவ்வளவுதான் என்று விடலாம். பிளாக்கில் எல்லோரும் அதையே செய்தால் லிஃப்ட் கிடைக்காது.

எண்ணுவது

எண்ணாமல் எதையும் மாற்றாதீர்கள். எண்ணும்போதும் கிளையண்டில் எண்ணுங்கள், சர்வரில் வேண்டாம். காரணம் இருக்கிறது. என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்பில் பல செயல்களை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். ஓப்பன், ரைட், லுக்அப் என்று எது போனாலும் பெரும்பாலும் அதன் வாலில் ஒரு கெட்ஆட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். சர்வரின் கணக்கு அவற்றையும் தனித்தனியாக எண்ணும். அதைப் பார்த்து "ஐயோ, கெட்ஆட்டர் இவ்வளவா!" என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாலில் வருவதற்குத் தனிப் பயணம் இல்லை, ஏறக்குறைய இலவசம். நமக்கு வேண்டியது கெட்ஆட்டருக்காகவே தனியாகக் கிளம்பிய பயணங்கள். லினக்ஸ் கிளையண்டின் கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

மவுண்ட்ஸ்டாட்ஸ் /ஷோ

என்று கொடுத்தால் (/ஷோ என்ற இடத்தில் உங்கள் மவுண்டின் பாதையைப் போடுங்கள்) அந்த மவுண்டில் ஒவ்வொரு செயலும் எத்தனை முறை போனது, மொத்தத்தில் எத்தனை சதவீதம், போய்வர எவ்வளவு நேரம், வரிசையில் காத்திருந்தது எவ்வளவு என்று வரும். இந்த எண்கள் மவுண்ட் செய்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வருபவை. அதனால் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, ரெண்டர் ஓடும்போது சில நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். கெட்ஆட்டரை மட்டும் பார்க்காமல் லுக்அப், ஆக்சஸ் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே குடும்பம்: பெயரைத் தேடுவது, அனுமதி கேட்பது, விவரம் கேட்பது. ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டிவிட்டால் லாபமில்லை.

என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் கட்டளைக்கு -ஏ கொடுத்தால், எத்தனை முறை ஃபைல் திறக்கப்பட்டது, வலுக்கட்டாயமாக எத்தனை கெட்ஆட்டர் போனது, எத்தனை முறை நினைவில் இருந்த விவரம் செல்லாமல் போனது என்று சொல்லிவிடும். எனக்குப் பிடித்த கருவி இது. ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

எந்த அளவு அதிகம் என்று கேட்டால் பொது எண் எதுவும் சொல்ல மாட்டேன். ரெண்டர் மெஷினில் படிக்கும் வேலைதான் பெரிது, அங்கே ரீட் செயலைவிட இந்தக் குடும்பம் பல மடங்கு இருந்தால் கிளறிப் பார்க்கத் தகுந்தது. ஒரு கோடர் தன் மெஷினில் கோடு கம்பைல் செய்துகொண்டிருந்தால் இந்தக் குடும்பம் பெரிதாக இருப்பதுதான் இயல்பு.

கேட்பது யார்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக மவுண்ட் ஆப்ஷனுக்குப் போய்விடுகிறார்கள்.

எஸ்ட்ரேஸ் -எஃப் -சி -பி, பிறகு பிராசஸ் எண்

அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எந்த சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) எத்தனை முறை போனது, அதில் எத்தனை தோல்வி என்று அட்டவணை வரும். ஃபைலின் விவரம் கேட்கும் ஸ்டாட் வகையறாவில் தோல்வி நெடுவரிசையைப் பாருங்கள். தோல்வி அதிகம் என்றால் புரோகிராம் இல்லாத ஃபைலைத் தேடி அலைகிறது. பிறகு -சி-யை எடுத்துவிட்டு ஃபைல் தொடர்பான கால்களை மட்டும் வரி வரியாகப் பார்த்தால், எங்கே அலைகிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் இடத்தில் நான் பார்த்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி பல இடங்களில் இருக்கும். ஒரு மவுண்டில் நோஏசி போட்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எப்போதோ போட்டது. நோஏசி என்றால் விவரத்தை நினைவில் வைக்காதே, எழுதுவதையும் உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று அர்த்தம், அதாவது ஆக்டிமியோ 0-வும் சிங்க் ஆப்ஷனும் சேர்ந்தது. எங்கள் குழுவில் நெல்லையிலிருந்து வந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் அதைக் காட்டி, "அக்கா, இதை எடுத்துடலாமா?" என்று கேட்டார். "எடுக்கலாம் தம்பி, ஆனா ஏன் போட்டாங்கன்னு முதல்ல பார்த்துடு" என்றேன்.

பார்த்தால், ஃப்ரேம்கள் வந்துவிட்டனவா என்று காத்திருக்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். ஒரு ஷாட்டுக்கு 240 ஃப்ரேம் என்றால், 240 பெயர்களையும் வினாடிக்கு ஒருமுறை "இருக்கிறதா, இருக்கிறதா" என்று கேட்கும். சாதாரண மவுண்டில் "இல்லை" என்ற பதிலையும் கிளையண்ட் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டர் மாறியதாகத் தெரியும்வரை, அதாவது அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அந்த "இல்லை" செல்லும். அதனால் ஃப்ரேம் வந்த பிறகும் ஸ்கிரிப்டுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. யாரோ புகார் செய்திருப்பார்கள், நோஏசி போட்டதும் உடனே தெரிய ஆரம்பித்திருக்கும், எல்லோரும் நிம்மதியாகப் போயிருப்பார்கள்.

அந்த நிம்மதிக்கு ஆன விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். வினாடிக்கு 240 கேள்வி என்பது ஒரு மெஷினுக்கு. 100 மெஷினில் ஓடினால் 24,000. இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். ஃபைல் இருப்பது ஷோ, சீக்வன்ஸ், ஷாட், ரெண்டர், வெர்ஷன் என்று ஐந்தாறு ஃபோல்டர் ஆழத்தில். நினைவே இல்லாத மவுண்டில் அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனிக் கேள்வி போகலாம்.

தீர்வு மவுண்டில் இல்லை. ஒரு ஃப்ரேம் முடிந்ததா இல்லையா என்பது ரெண்டர் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ரெண்டர் க்யூவுக்கு ஏற்கெனவே தெரியும், அந்த பிராசஸ் முடிந்த நிலையை அதுதானே பதிவு செய்கிறது? ஸ்கிரிப்ட் ஃபைல் சிஸ்டத்தைக் கேட்பதை விட்டுவிட்டு க்யூவைக் கேட்கும்படி தம்பி மாற்றினார். அதன் பிறகு நோஏசி-யை எடுத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்படி மாற்ற முடியாத இடமென்றால் குறைந்தபட்சம் 240 பெயரைக் கேட்பதற்குப் பதிலாக ஃபோல்டரை ஒருமுறை பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். கேள்வி 240-லிருந்து சில பொட்டலங்களாகக் குறையும்.

இரண்டாவது வகை, தேடு பாதை. ரெண்டரருக்கு ஒரு டெக்ஸ்சரின் (பரப்பின் மேல் ஒட்டும் படத்தின்) வெறும் பெயரைக் கொடுத்துவிட்டு, எங்கெல்லாம் தேட வேண்டும் என்று பத்துப் பதினைந்து ஃபோல்டரைக் கொடுத்திருப்பார்கள். பழைய புராஜெக்ட்களின் ஃபோல்டர்கள் முன்னால், இப்போதைய புராஜெக்ட் கடைசியில். எஸ்ட்ரேஸில் ஈநோஎண்ட், ஈநோஎண்ட் (அப்படி ஒரு ஃபைல் இல்லை) என்று வரி வரியாக ஓடும், கடைசியில் ஒரு வெற்றி. டெக்ஸ்சர் ஒவ்வொன்றுக்கும் இதே யாத்திரை. பப்ளிஷ் செய்யும்போதே, அதாவது முடிந்த ஃபைலை மற்றவர்கள் பயன்படுத்த வெளியிடும்போதே, முழுப் பாதையை எழுதிவிடுவது நல்லது. முடியாவிட்டால் வரிசையைத் தலைகீழாக்குங்கள், செத்துப்போன ஃபோல்டர்களைத் தூக்குங்கள். புரோகிராம்களுக்கான லைப்ரரி தேடு பாதையிலும் பைத்தான் தேடு பாதையிலும் இதே நோய் இருக்கும், இதே மருந்துதான்.

மூன்றாவது வகை கொஞ்சம் விஷமமானது. ரெண்டர் எவ்வளவு முடிந்தது என்று காட்ட, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபைலின் அளவை அதே மெஷினிலிருந்து வினாடிக்கு ஒருமுறை கேட்கும் ஸ்கிரிப்ட். கேள்வியின் எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அளவையோ மாறிய நேரத்தையோ கேட்டால், சரியான பதில் சொல்வதற்காக கிளையண்ட் முதலில் கையிலிருக்கும் எழுதாத பக்கங்களை எல்லாம் சர்வருக்குத் தள்ளிவிட்டு, அது முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் கேட்கும். பெரிய துண்டுகளாகச் சேர்த்து நிதானமாக எழுதியிருக்க வேண்டியது சின்னச் சின்னதாகச் சிதறிவிடும். முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால் எழுதும் புரோகிராமின் லாக்கைப் படியுங்கள், ஃபைலைத் தொடாதீர்கள்.

சின்னச் சின்ன இடங்கள்

பைத்தானில் ஃபோல்டரைப் பட்டியலிட்டுவிட்டு ஒவ்வொன்றாக "நீ ஃபோல்டரா?" என்று கேட்கும் கோடு இன்னும் எங்கும் கிடக்கிறது. 3.5 பதிப்பில் வந்த ஸ்கேன்டிர் பயன்படுத்தினால், பட்டியலோடு வரும் வகையை வைத்தே பதில் சொல்லிவிடும். என்எஃப்எஸ் 3-ஆம் பதிப்பிலேயே ரீட்டிர்பிளஸ் என்ற செயல் இருக்கிறது. பெயர்களோடு விவரங்களையும் சேர்த்துக் கொண்டுவருவது. யாராவது மவுண்டில் நோர்டிர்பிளஸ் போட்டு அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். லட்சக்கணக்கான ஃபைல் உள்ள ஃபோல்டரில் பெயர் மட்டும் போதும் என்றால் அது நியாயமான ஆப்ஷன்தான். பெயரையும் விவரத்தையும் சேர்த்தே பயன்படுத்தும் இடத்தில் அது வினையாகிவிடும்.

எல்எஸ் கட்டளைக்கு வண்ணம் போடும் அலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் மாற்றுப்பெயர்) பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது. எது இயக்கக்கூடிய ஃபைல் என்று பார்த்துப் பச்சை அடிக்க ஒவ்வொரு ஃபைலின் விவரமும் வேண்டும். பெரிய ஃபோல்டரில் பெயர் மட்டும் போதுமென்றால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு அலியாஸைத் தவிர்த்துவிட்டு, -யூ (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து) கொடுத்து வரிசைப்படுத்தலையும் தவிர்க்கலாம். ஸ்கிரிப்டுக்குள் -எல் போட்டு எல்எஸ் ஓட்டி அதை வெட்டி ஒட்டி எண் எடுப்பவர்களுக்கு என்ன சொல்வது. சரி, விடுங்கள்.

கிட் ஸ்டேட்டஸ் தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுப் பார்க்கும். அதை ஷெல் பிராம்ப்டில் வைத்துக்கொண்டால் என்டர் தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. கோடு ரெப்போவை முடிந்தவரை லோக்கல் எஸ்எஸ்டி-யில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது பிராம்ப்டில் மாற்றம் காட்டும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். பைத்தான் விர்ச்சுவல் என்விரான்மெண்டும் அப்படியே. நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றும் மாறியிருக்கிறதா என்ற சோதனை. எல்லா ரெண்டர் மெஷினுக்கும் லோக்கலாக நகலெடுத்து வைப்பது பல ஆப்ஷன்களைவிட நல்ல பலன் தரும்.

அப்புறம், ஃபைல் பெயர்ப் பட்டியல் தயாரிக்க ராத்திரியில் ஓடும் அப்டேட்டிபி. அதன் கான்ஃபிக் ஃபைலில் தவிர்க்க வேண்டிய ஃபைல் சிஸ்டங்களின் பட்டியலில் என்எஃப்எஸ், என்எஃப்எஸ்4 இரண்டும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப் தேடல் இண்டெக்ஸரையும் மறக்க வேண்டாம்.

மவுண்ட் ஆப்ஷன்

கேட்பவர்களை அடக்கிய பிறகும் மிச்சம் இருந்தால் இங்கே வாருங்கள். ஆக்டிமியோ 600 போட்டால் வேகமாகிறது என்று மொத்த மவுண்டுக்கும் போடுபவர்கள் அடுத்த வாரம் "நான் சேவ் செய்தது அங்கே தெரியவில்லை" என்ற புகாரோடு உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை அந்த ஃபைல்கள் எப்படி மாறுகின்றன என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். அதனால் ஸ்டோரேஜை அப்படிப் பார்த்துப் பிரியுங்கள்.

எங்களிடம் பப்ளிஷ் ஆன லைப்ரரி தனி எக்ஸ்போர்ட், அதாவது சர்வர் அதைத் தனியாகப் பகிர்கிறது. ஒருமுறை பப்ளிஷ் ஆன ஃபைலை யாரும் திருத்த மாட்டார்கள், மாற்றம் வேண்டுமென்றால் புது வெர்ஷன் எண்ணில் புது ஃபைல். ரெண்டர் மெஷின்களுக்கு அது படிக்க மட்டும். இங்கே தாராளமாக இருக்கலாம். நான் பரிந்துரைப்பது:

ஆர்ஓ, நோசிடிஓ, ஏசிரெக்மின் 600, ஏசிரெக்மேக்ஸ் 3600

ஒவ்வொரு ஆப்ஷன் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் சமக்குறி, ஆப்ஷன்களுக்கு நடுவில் இடைவெளி இல்லாமல் காற்புள்ளி. நோசிடிஓ என்பது திறக்கும்போது செய்யும் அந்தச் சரிபார்ப்பை விட்டுவிடச் சொல்வது. படிக்க மட்டுமான, எப்போதாவதுதான் மாறும் மவுண்டுக்கு மட்டுமே பொருந்தும்.

ஃபோல்டருக்கான எண்களை நான் தொடவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். புது வெர்ஷன் வந்தது தெரிய வேண்டும் என்றால் ஃபோல்டர் மாறியது தெரிய வேண்டும். அது 30 முதல் 60 வினாடிக்குள் தெரிந்துவிடும். ஃபோல்டர்கள் நூற்றுக்கணக்கில், ஃபைல்கள் லட்சக்கணக்கில், ஆகவே சேமிப்பு எல்லாம் ஃபைல் பக்கத்தில்தான். "லேட்டஸ்ட்" என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழி) வைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் பயப்பட வேண்டாம். சிம்லிங்க்கை மாற்றும்போது பழையது போய்ப் புதிதாக ஒன்று உருவாகிறது. அது ஃபோல்டரில் நடக்கும் மாற்றம், ஆகவே ஃபோல்டரின் கணக்கிலேயே தெரிந்துவிடும். தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு சரியான பெயருக்கு மாற்றும் புரோகிராம்களுக்கும் அப்படியே. மாட்டிக்கொள்வது ஒரே ஒரு வகை: இருக்கும் ஃபைலைத் திறந்து அதன் உள்ளேயே மேலெழுதுவது. அப்படிச் செய்யும் ஒரு கருவி உங்களிடம் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு இந்த ஆப்ஷனைப் போடுங்கள்.

4-ஆம் பதிப்பில் நோசிடிஓ-வுக்கு 3-இல் உள்ள அளவு பலன் இருக்காது. அங்கே ஓப்பன் என்பதே சர்வருக்குப் போகும் ஒரு செயல், விவரங்கள் அதோடேயே வந்துவிடும். அங்கே கைகொடுப்பது டெலிகேஷன். "இந்த ஃபைல் உன்னிடமே இருக்கட்டும், வேறு யாராவது மாற்ற வந்தால் நான் கூப்பிட்டுச் சொல்கிறேன்" என்று சர்வர் கிளையண்டிடம் சொல்வது. அது கையில் இருக்கும்வரை கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சர்வரில் அது இயங்குகிறதா என்று உங்கள் ஸ்டோரேஜ்காரரிடம் கேளுங்கள். 4.0-வில் சர்வர் கிளையண்டைத் திரும்ப அழைக்கத் தனி இணைப்பு வேண்டும், நடுவில் ஃபயர்வால் அதைத் தடுத்தால் டெலிகேஷன் கிடைக்காது. 4.1-இல் ஏற்கெனவே உள்ள இணைப்பிலேயே அழைப்பு வரும்.

ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் புராஜெக்ட் ஃபோல்டருக்கும் ஹோம் ஃபோல்டருக்கும் இயல்பான எண்களே போதும். மாற்றாதீர்கள். நோஏட்டைம் போட்டால் கேள்வி குறையும் என்று சிலர் சொல்வார்கள். என்எஃப்எஸ் மவுண்டில் அதனால் ஒன்றும் ஆகாது, படித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது சர்வரின் வேலை.

எஃப்எஸ்டேபில் (மவுண்ட்களின் பட்டியல் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில்) மாற்றிவிட்டு ரீமவுண்ட் கொடுத்து ஏமாறாதீர்கள். என்எஃப்எஸ்-க்கே உரிய ஆப்ஷன்கள் பெரும்பாலும் ரீமவுண்டில் மாறாது. அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்துவிட்டு, என்எஃப்எஸ்ஸ்டாட் -எம் கொடுத்து உண்மையில் என்ன அமலில் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டோமவுண்ட் வைத்திருந்தால் அதன் மேப்பில் மாற்ற வேண்டும். ரெண்டர் ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. இரண்டு மெஷினில் உட்கார்ந்து, ஒன்றில் லைப்ரரிக்குள் ஒரு புது ஃபைலை வையுங்கள். அதற்கு முன்பே மற்றதில் அந்தப் பெயரை ஒருமுறை கேட்டு "இல்லை" என்று வாங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் சோதனை உண்மையானது. எத்தனை வினாடியில் தெரிகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ஆர்டிஸ்ட்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்துவிட்டு வருவார். தெரியாதவர் மறுபடி மறுபடி பப்ளிஷ் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார்.

கடலுக்கு அந்தப் பக்கம்

இங்குள்ள பல ஸ்டூடியோக்களைப் போல எங்களுக்கும் சென்னையில் ஒரு குழு இருக்கிறது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே கடலடிக் கம்பிவடம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16 மில்லிவினாடி, வர 16. எந்த மவுண்ட் ஆப்ஷனும் இதைக் குறைக்காது. முன்னே சொன்ன அதே 10,000 கேள்விகளை இந்தத் தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 320 வினாடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். பேண்ட்வித் கூட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்று நிர்வாகத்தில் யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள்.

இந்த இடத்தில் எஃப்எஸ்சி ஆப்ஷனைப் போட்டு லோக்கல் டிஸ்க்கில் நகல் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வரும். அது டேட்டாவைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த நகல் இன்னும் செல்லுமா என்று கேட்பதற்கு கெட்ஆட்டர் போயே ஆக வேண்டும். பெரிய ஃபைல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கு லாபம், ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை.

நாங்கள் செய்வது, பப்ளிஷ் ஆன வெர்ஷனை ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி) மூலம் சென்னை சர்வருக்கு அனுப்பி, அங்குள்ள மெஷின்கள் அங்குள்ளதையே மவுண்ட் செய்வது. ஆர்சிங்க்கும் இரு பக்கமும் ஃபைல் ஃபைலாக விவரம் பார்க்கும்தான். ஆனால் ஒவ்வொரு பக்கமும் தன் டிஸ்க்கைத் தானே பார்த்துக்கொண்டு, பட்டியலை மட்டும் கடல் தாண்டி அனுப்பும். அதற்காகவே, ஒரு பக்கத்தை என்எஃப்எஸ் மவுண்டாக வைத்துக்கொண்டு ஆர்சிங்க் ஓட்டாதீர்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக அந்த ஊர் சர்வரிலேயே மறுமுனை ஓடட்டும். லைப்ரரி முழுவதையும் அலசவும் விடாதீர்கள்: எந்த வெர்ஷன் புதிது என்பது பப்ளிஷ் கருவிக்குத் தெரியும், அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுத்தால் போதும்.